ஈரத்தோடு கார் ஓட்டியவர்

அப்பா அழகுமலை இறந்த பதினோராம் நாள் காலையில் சத்யப்ரியா தன் காரைத் திறந்தாள். உள்ளே ஈரத்துணி வாடை அடித்தது.

மழை இல்லை. ஜூலை மாதம். மதுரை விளாங்குடியில் அடிக்கிற காற்றுக்குக் கொடியில் போட்ட துணி அரை மணியில் மொறமொறத்துவிடும். ஓட்டுநர் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. காலடி விரிப்பைத் தூக்கினாள். கதவு ரப்பரை விரலால் நீவினாள். ஏசி தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பா என்று தரையில் படுத்துப் பார்த்தாள். அவள் சர்வே இன்ஜினியர். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், முறையாகத் தேடினால் கிடைத்துவிடும் என்று நம்புகிறவள்.

கிடைக்கவில்லை. மெயின் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காளையிடம் கொண்டுபோய் விட்டாள். அவர் இருக்கையையே கழற்றிப் பார்த்துவிட்டார்.

“ஒரு சொட்டுத் தண்ணி இல்லக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குச் சளி கிளி பிடிச்சிருக்கா?”

“சளி பிடிச்சா வாடையே தெரியாதுண்ணே.”

“அதுஞ் சரிதான்” என்று இருக்கையை மாட்டிக் கொடுத்தார்.

வீடு வரும்வரை வாடை கூடவே வந்தது. அவளுக்குப் பழகிய வாடை. எங்கே பழகியது என்பதுதான் பிடிபடவில்லை.

அழகுமலை கருமாத்தூர்ப் பக்கம் மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவர். ஐடிஐ படித்தார். எந்தப் பம்பும் அவர் கைக்கு அடங்கும். காது வைத்துக் கேட்டே பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். முப்பது வயதில் ஓமனுக்குப் போனார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் மெக்கானிக் வேலை. பத்து வருஷம் தனியாகக் கிடந்தார். சூப்பர்வைசர் ஆனதும் மனைவி முனீஸ்வரியையும் மகளையும் மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டார். சத்யாவுக்கு அப்போது ஏழு வயது.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் வெள்ளை கொரோலாவில் கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் சூர், ஒரு வாரம் சோகார், ஒரு வாரம் மலைக்கு அந்தப் பக்கம் நிஸ்வா. முனீஸ்வரி விடியுமுன்னே எழுந்து புளிச்சோறு கிளறுவாள். ஐஸ்பெட்டியில் தண்ணீர்ப் பாட்டில். பின் சீட்டில் சத்யா. கூடப் படித்த பிள்ளைகள் சனிக்கிழமை பள்ளியில் வீடியோ கேம் கதை சொல்வார்கள். சத்யா ஊர் ஊராகச் சொல்வாள்.

எல்லாப் பயணமும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தாயையும் மகளையும் கடற்கரையிலோ பூங்காவிலோ இறக்கிவிடுவார். “ஒருத்தரப் பாத்துட்டு வாரேன்” என்பார். டேஷ்போர்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதில் பச்சரிசி. எதுக்குப்பா என்று ஒருமுறை கேட்டாள். “புறாவுக்கு” என்றார்.

ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத் திரும்பி வருவார். வந்தவர் யாரிடமும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கடலுக்குள், கடல் இல்லாத ஊரில் ஓடைக்குள், இறங்குவார். பேண்ட் சட்டையோடு. மூன்று முறை முங்குவார். அப்புறந்தான் மகளைத் தூக்கித் தண்ணீருக்குள் போடுவார். சிரிப்பார். மணலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்பார். கிளம்பும்போது முனீஸ்வரி ஓட்டுநர் இருக்கையில் நீலத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை விரிப்பாள். அவர் ஈரத்தோடு ஏறி உட்காருவார். அவள் ஜன்னல் வழியே துண்டை நீட்டுவாள். “தலையத் துவட்டுங்க.” கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அனல்காற்றில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வீடு வருவார்கள்.

அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்று சத்யா பள்ளியில் கட்டுரை எழுதியிருக்கிறாள்.

2011 மே மாதம் ஊருக்கு வந்தார்கள். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வேலை போகவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. “போதும்” என்றார், அவ்வளவுதான். விளாங்குடியில் கட்டிப்போட்டிருந்த வீட்டுக்கு வந்து, தெருமுனையில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்தார். அதற்குப் பிறகு எங்குமே போகவில்லை. ஆரப்பாளையம் தாண்டமாட்டார். உறவில் கல்யாணம் என்றால் முனீஸ்வரி தனியாகப் போய்வருவாள். தெருவில் சாவு விழுந்தால்கூட எட்டிப் பார்க்கமாட்டார். அதற்காக ஊர்வாயில் நன்றாக விழுந்தார். வெளிநாட்டுக் காசு வந்தால் இப்படித்தான் என்றார்கள்.

சத்யாவும் விடவில்லை. “வண்டியூர் தெப்பம் பாக்கக்கூட ஒருநா கூட்டிட்டுப் போகலப்பா நீங்க. அங்க மட்டும் வாரா வாரம் சுத்துனீங்க. இங்க என்ன, பெட்ரோல் ஊத்துனா வண்டி ஓடாதா?” பதினைந்து வயதில் சொன்னதை இருபத்தைந்திலும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். அவள் கார் வாங்கியபின் வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கழுவித் துடைப்பதோடு சரி. ஏறி உட்காரமாட்டார்.

இந்த மே மாதக் கடைசியில், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “பாப்பா, ஒரு எட்டு மேலூர்ப் பக்கம் போகணும். ஒன் கார்ல கூட்டிட்டுப் போறியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னப்பா அதிசயமா இருக்கு. யாரு இருக்கா அங்க?”

“ஒருத்தரப் பாக்கணும்.”

“அடுத்த சனிக்கிழமை போவோம்.”

சாலை அகலப்படுத்தும் வேலைக்கு அவள் அளந்துகொண்டிருந்த நேரம். அந்தச் சனிக்கிழமை முடியவில்லை. அதற்கடுத்ததும் முடியவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மஞ்சள் பையோடு எட்டு மணிக்கே வாசலில் நின்றார். சைட்டிலிருந்து போன் வந்தது. “அடுத்த வாரம் கட்டாயம்ப்பா” என்றாள். “சரிடா” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை கடையில், சுருள் மாற்றிக்கொண்டிருந்த மோட்டார் மேல் அப்படியே சாய்ந்துவிட்டார்.

சட்டை ஆணியிலேயே இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் திருப்புவனத்தில் வைகைக் கரையில் நடந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. கரையோரம் ஒரு மோட்டார்க் குழாயில்தான் எல்லாரும் குளித்தார்கள். கொள்ளி வைத்த சித்தப்பா சிவனாண்டி சத்யாவின் காருக்கு வந்தார். வேட்டியும் பனியனும் உடம்போடு ஒட்டி, சொட்டச் சொட்ட நின்றார். அண்ணனின் அதே தோள்கள்.

“பாப்பா, சாக்கு கீக்கு இருந்தா சீட்டுல போடு. நனைஞ்சிரும்.”

அவள் டிக்கியிலிருந்து தார்ப்பாய் எடுத்து விரித்தாள். அவர் ஏறினார். கதவைச் சாத்தியதும் வாடை வந்தது. கடந்த ஐந்து நாளாக அடித்த அதே வாடை. இப்போது அதற்கு ஆள் இருந்தது.

“துணியோடயா சித்தப்பா குளிச்சீங்க?”

“வேற எப்படிக் குளிக்கிறது? சாவுக் காரியம் பாத்துட்டு, உடுத்துன துணியோட தலைமுழுகிட்டுத்தானத்தா வீடேறணும்.”

அவள் சாவியைத் திருகவில்லை. சித்தப்பா இரண்டு முறை கூப்பிட்டபின்தான் திருகினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓமன் ஆல்பத்தை எடுத்தாள். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்த போட்டோக்கள். தேதிவாரியாகத் தரையில் பரப்பினாள். அப்பா இருக்கும் படம் முப்பத்தெட்டு. அதில் இருபத்தாறில் நனைந்திருந்தார். கடைசிப் படத்தின் தேதி 2011 ஏப்ரல், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம். பின்னால் பொட்டல். கல்லும் மணலும், ஒரே ஒரு மரம். கடல் இல்லை, ஓடை இல்லை. அப்பா தலையிலிருந்து கால்வரை நனைந்து நிற்கிறார்.

அந்த இடம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஊருக்குப் போக மாட்டேன் என்று அவள் முகத்தைத் தூக்கிவைத்திருந்த நேரம். அப்பா அளவு டேப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து, சுவரோரம் நிற்கச் சொன்னார். எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள், தலைமாட்டில் பேரில்லாத கற்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இடுகாடு என்று புரிந்திருக்க வேண்டும். கோபத்தில் இருந்தாள். கேட்கவில்லை.

முனீஸ்வரி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்யா போட்டோவோடு போய் எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, அப்பா வெள்ளிக்கிழமை யாரப் பாக்கப் போவாரு?”

“எந்த வெள்ளிக்கிழமை?”

“எல்லா வெள்ளிக்கிழமையும்.”

முனீஸ்வரி கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். “இம்புட்டு வருஷம் கழிச்சுக் கேக்குற.”

“இப்பத்தான் தெரிஞ்சது. புறாவுக்கு அரிசின்னாரு.”

“பின்ன, ஏழு வயசுப் பிள்ளைட்ட வாய்க்கரிசின்னா சொல்றது?”

அப்புறம் அவளே சொன்னாள். கட்டடத்திலிருந்து விழுந்தவன், ரோட்டில் அடிபட்டவன், தூங்கப் போய் எழுந்திரிக்காதவன். எங்கேயோ ஒரு ஊர் மார்ச்சுவரியில் நம்ம பக்கத்து ஆள் கிடந்தால் அழகுமலைக்குப் போன் வரும். ஆளை அடையாளம் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டும். பெட்டியில் வைக்குமுன் நெற்றியில் திருநீறு பூசி, வாயில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். லீவு வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குப் போவார்.

“நம்மள எதுக்குக் கூட்டிட்டுப் போனாரு?”

“நாம வர்றதுக்கு முந்தி தனியாத்தான் போவாராம். போயிட்டு வந்தா ரெண்டு நாளு சோறு எறங்காதாம். நாம போனப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா? வெளிய வந்து ஒன் சத்தம் காதுல விழுந்தாத்தான் திரும்பி வர்றதுக்கு வழி தெரியுதுன்னாரு.” கீரையை முறத்தில் தட்டினாள். “சாவப் பாத்துட்டு அப்படியே வந்து பிள்ளையத் தொட முடியுமா? அதான் மொதல்ல கடலு.”

சத்யா கடைசிப் போட்டோவை நீட்டினாள். “இங்க கடல் இல்லையே.”

“ரெண்டு கேன் தண்ணிய நாந்தான் ஊத்துனேன்.”

அம்மா கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். பழைய பாஸ்போர்ட்டுகள் வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அப்பா போட்ட வரைபடம். பம்புக்குப் போடுவதுபோல் சுத்தமான கோடுகள். சுற்றுச்சுவர், வாசல், வன்னி மரம், வரிசைகள். மூன்றாம் வரிசையில் ஏழாவது கட்டத்தில் ஒரு புள்ளி. மீட்டர் கணக்கெல்லாம் சத்யாவின் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

“யாரு இது?”

“பாண்டிராஜ். மேலூர்ப் பக்கம். சூர் போயிட்டு வர்றப்ப ரோட்டுல நின்னு கைகாட்டுனாருல்ல, ஒன் பக்கத்துல உக்காந்து வந்தாரே.”

ஞாபகம் இருந்தது. ஒல்லி ஆள். உதட்டில் வெடிப்பு. உங்க ஊர்ல கடல் இருக்கா மாமா என்று அவள் கேட்டதற்கு, “கடலு என்ன கடலு, வாயில வைக்க முடியுதா? எங்க மருதேந்தல் ஊருணித் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாரு பாப்பா, இந்தக் கடலையே வேணாம்னுருவ” என்று சொன்ன ஆள். வேலை பார்த்த இடத்தில் தாங்காமல் ஓடிவந்தவர் என்று இப்போதுதான் அம்மா சொன்னாள். கையில் ஒரு காகிதம் கிடையாது.

மறுவருஷம் தை மாதம் சத்யாவுக்கு அம்மை போட்டது. உடம்பு முழுக்க. அந்த வாரந்தான் போன் வந்தது. தமிழ் ஆள் ஒருத்தன், பேர் தெரியவில்லை, வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று. அம்மை போட்ட வீட்டிலிருந்து சாவுக்குப் போகக்கூடாது. போய்விட்டு அந்த வீட்டுக்குள் திரும்பி வந்தால் பிள்ளைக்கு ஆகாது. அழகுமலை போகவில்லை. யாரென்றே தெரியாத ஆள், வேறு யாராவது போவார்கள் என்று விட்டுவிட்டார். மூன்று வெள்ளிக்கிழமை கழிந்தது. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் போனார். உரியவர் யாரும் வராததால் அடக்கம் செய்தாகிவிட்டது என்றார்கள். பதிவேட்டில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார்கள். உதட்டில் வெடிப்பு.

“அன்னைக்குக் குளிக்கக்கூட இல்ல. அப்படியே வந்து வெளிவாசல்ல உக்காந்துட்டாரு. போதும், ஊருக்குப் போயிருவோம்னாரு. வந்த வருஷம் ஐப்பசியில அந்தாளு வீட்டத் தேடிப் போனாரு. பொண்டாட்டி, செல்லக்கிளியாம் பேரு, நெத்தி நெறையப் பொட்டோட வந்து நின்னுச்சாம். நாக்கு எழலன்னாரு. சொல்லாமலே வந்துட்டாரு. அதுக்கப்புறந்தான் எங்கயும் போறதில்லன்னு ஆயிருச்சு.”

மூன்று வெள்ளிக்கிழமை. மூன்று சனிக்கிழமை. சத்யாவுக்குக் கணக்கு நன்றாக வரும்.

“சனிக்கிழமை நான் போறேன்” என்றாள்.

“போயி? அந்தப் பொம்பள இன்னும் பொட்டோட இருந்தா நீ என்னத்தச் சொல்லுவ? அவருக்கே வரல.”

“நீயும் வாம்மா.”

முனீஸ்வரி தன் வெறும் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். “நா போயி நின்னா, வாயத் தொறக்குமுன்னாடியே தெரிஞ்சிரும். நீயே போ.”

சனிக்கிழமை காலை, ஆணியில் கிடந்த மஞ்சள் பையில் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அதற்கு சீட் பெல்ட் போட வேண்டும்போல் இருந்தது. போடவில்லை. ஒத்தக்கடை தாண்டும்வரை வாடை இருந்துகொண்டே இருந்தது. ஒருமுறை, கண்ணாடியை இறக்கலாமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். பிறகு ரேடியோவைப் போட்டாள்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டு மருதேந்தலுக்குப் போனாள். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. செல்லக்கிளி வீடு என்றதும் டெய்லர் செல்லக்கிளியா என்று கேட்டுக் கைகாட்டினார்கள். ஓட்டு வீடு. வாசலறையில் தையல் மெஷின். ஐம்பதைத் தொடும் வயதில் ஒரு அம்மா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

“அளவு ரவிக்கை கொண்டாந்தியா தாயி?”

“தைக்க வரல அத்தை. மதுரையில இருந்து வாரேன்.”

“மொதல்ல தண்ணி குடி. மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு.” உள்ளே போய்ச் செம்பில் மொண்டு வந்தாள். “ஊருணித் தண்ணி. குழாத் தண்ணி உப்பு.”

சத்யா வாங்கிக் குடித்தாள். ருசியாகத்தான் இருந்தது. செம்பைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதல் வரிதான் வந்தது.

“எங்கப்பா பேரு அழகுமலை. ஓமன்ல இருந்தாரு.”

மெஷின் சக்கரத்தைச் செல்லக்கிளி கையால் நிறுத்தினாள். அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“குளிச்சிட்டுப் போனவரு மகளா நீ?”

சத்யா மஞ்சள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“வெள்ளச் சட்டை. மஞ்சப் பையி.” செல்லக்கிளி அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இந்தா, நீ உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்தாரு. தண்ணி குடுத்தேன். வாங்கி வச்சுட்டாரு, குடிக்கல. பாண்டிராஜ் வீடான்னாரு, ஆமான்னேன். பழக்கமாண்ணே அவரோடன்னேன். ஒருக்கா கார்ல ஏத்திட்டுப் போனேன்னாரு. அம்புட்டுத்தான். எந்திரிச்சுட்டாரு. வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்ன மனுஷன்னு வாசலுக்கு வந்து பாக்குறேன், நேரா கண்மாய்க்குள்ள எறங்குறாரு. சட்ட வேட்டியோட. மூணு முங்கு. துவட்டாம, சொட்டச் சொட்ட பஸ்ஸுக்குப் போயிட்டாரு.”

நூல் துணுக்கு ஒன்றை மடியிலிருந்து எடுத்துப் போட்டாள்.

“ஒரு வீட்டுல இருந்து சொல்லிக்காமக் கெளம்பி, துணியோட தலைமுழுகிட்டுப் போனா அது என்ன வீடு தாயி? எனக்கென்ன தெரியாதா?”

“அப்பவே தெரியுமா?”

“அப்பவே தெரியும்.”

பதினான்கு வருஷம் சொல்ல முடியவில்லை என்று ஒருவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். சொன்னது அவருக்கே தெரியாது. சாவு வீட்டுக்குப் போய்ப் போய்ப் பழகிய உடம்பு, வாய் சொல்லாததை அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டு வந்திருக்கிறது.

“பின்ன ஏன் அத்தை...” சத்யா நெற்றியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

“மாமியா இருந்தா. மகன் வருவான் வருவான்னு ரோட்டப் பாத்துக்கிட்டே கெடந்தா. அவகிட்டப் போயி ஒம்மகன் செத்துட்டான்னா, யாருடி சொன்னான்னு கேப்பா. ஒருத்தரு வந்து குளிச்சிட்டுப் போனாருன்னா சொல்றது?” லேசாகச் சிரித்தாள். “சிரிப்பாளுக. அவ போயும் ஆறு வருஷமாச்சு. அப்பறம் இதுவே பழகிருச்சு. ஒங்கப்பா திரும்ப ஒருநா வருவாரு, எந்த எடத்துல வச்சாகன்னு கேட்டுட்டு அழிப்போம்னு இருந்தேன். பேரு தெரியாது, ஊரு தெரியாது. எங்கன்னு போயித் தேட? அவரு வரலயா?”

“போன மாசம் தவறிட்டாரு.”

செல்லக்கிளி மெஷினிலிருந்து ரவிக்கையை எடுத்து மடித்து வைத்தாள்.

“வரணும்னு கேட்டாரு. மூணு வாரம் கேட்டாரு. நாந்தான் கூட்டிட்டு வரல.” அதற்குப் பின் நிற்கவில்லை. அம்மை போட்டதைச் சொன்னாள். போன் வந்ததைச் சொன்னாள். “கூப்பிட்டப்பவே போயிருந்தா இன்னாருன்னு சொல்லியிருப்பாரு. ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. எனக்குப் போட்டதாலதான் போகல.”

“எத்தன வயசு ஒனக்கு அப்ப?”

“பதிமூணு.”

“அம்மை போட்ட பிள்ளைய வச்சுக்கிட்டு எவன் சாவுக்குப் போவான்? எம்பிள்ளையா இருந்தா நா எம்புருஷன வாசப்படி தாண்ட விட்டுருப்பனா?” குரல் கொஞ்சம் உயர்ந்து, உடனே தணிந்தது. கண்கள் வாசலில், கண்மாய்ப் பக்கம் இருந்தன. “இதச் சொல்றதுக்கா அண்ணே இம்புட்டு வருஷம்?”

சத்யா வரைபடத்தை எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கிளி அதைத் தைக்கிற துணிபோல் மடியில் விரித்து நீவினாள். கோடுகள் அவளுக்குப் பிடிபடவில்லை. சத்யா டேப்லெட்டைத் திறந்தாள். அந்த அளவுகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி வைத்திருந்தாள். பழுப்பு நிலம், சதுரமான சுவர், பச்சையாய் ஒரு பொட்டு மரம், அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

“இதுதான் மரம். வன்னி மரம். அதுலருந்து நாலு மீட்டர் இருபது. இந்தப் புள்ளி.”

“நெழலு விழுகுமா?”

சத்யா யோசித்தாள். திசையைப் பார்த்தாள். “சாயங்காலம் விழுகும்.”

செல்லக்கிளி புள்ளியை விரலால் தொட்டாள். படம் நழுவி வேறெங்கோ போய்விட்டது. “தொட்டா ஓடுது” என்று விரலை எடுத்துக்கொண்டாள். சத்யா மறுபடி இடத்துக்குக் கொண்டுவந்து, நகராதபடி நிறுத்திக் கொடுத்தாள். இந்த முறை செல்லக்கிளி உள்ளங்கையையே அதன்மேல் வைத்தாள். வைத்தபடி இருந்தாள்.

பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். சத்யா பின்னாலேயே போனாள். துவைக்கிற கல் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி. செல்லக்கிளி கல்லில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். “கண்மாயில தண்ணி இல்ல. நீ ஊத்து தாயி.”

சத்யா குடத்தில் மொண்டு தலையில் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. குங்குமம் கரைந்து மூக்கோரமாக இறங்கியது. மூன்று. செல்லக்கிளி சத்தம் போட்டு அழவில்லை. முகத்தை ஒருமுறை வழித்து விட்டாள், அவ்வளவுதான். சத்யா இன்னொரு குடம் மொண்டு, போட்டிருந்த சுடிதாரோடு தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ஜூலை வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. அப்பா செத்து இருபது நாளில் அழாத அழுகை அப்போது வந்தது. நனைந்த முகத்தில் அது யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அவர் முதலில் கடலுக்குள் போனாரோ என்று நினைத்தாள்.

மஞ்சள் பையை எடுத்தாள். வரைபடத்தைத் தையல் மெஷின் மேல் விட்டாள். வாரேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. செல்லக்கிளியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும்.

டிக்கியிலிருந்து தார்ப்பாயை எடுத்து இருக்கையில் விரித்தாள். ஏசி போடாமல், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாள்.

விளாங்குடி வாசலில் முனீஸ்வரி நின்றிருந்தாள். கார் நின்றதும் ஜன்னலருகே வந்து மகளைப் பார்த்தாள். ஒட்டிக்கிடந்த தலைமுடி, ஓரங்களில் மட்டும் காய்ந்த துணி. உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

“தலையத் துவட்டு.”

மறுநாள் காலையில் காரைத் திறந்தபோது ஈரத்துணி வாடை அடித்தது. காரணம் தெரிந்த வாடை. அவளுடையது. கண்ணாடிகளை இறக்காமலே வேலைக்குப் போனாள்.